நவஹோ நாட்டு நியாயம்

நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தின் மேற்கு ஓரத்தில், பழைய அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலையையும் இரயில் பாதையையும் ஒட்டி நீண்டு கிடக்கும் காலப் என்னும் ஊரை விட்டு வடக்கே சிறிது தூரம் சென்று, பிறகு மேற்கே திரும்பி அரிஸோனாவின் எல்லையைத் தொடும் சாலையில் போகிறவர்களுக்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குள்ளேயே வேறொரு நாட்டில் பிரவேசிக்கிறோம் என்பதை உணர அதிக நேரம் பிடிப்பதில்லை. விளம்பரப் பலகைகள் குறைகின்றன, வானம் அகலுகிறது, செந்நிறப் பாறைச் சுவர்கள் அடிவானத்தில் எழுகின்றன, ஜூனிப்பர் புதர்களுக்கும் பின்யோன் மரங்களுக்கும் இடையே ஆட்டு மந்தைகள் மேய்கின்றன, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தென்படும் வீடுகளின் அருகே, மரக்கட்டைகளை அடுக்கி மண் பூசிய ஹோகன் என்ற குடில் ஒவ்வொன்றும் தன் வாசலைக் கிழக்கு நோக்கியே வைத்திருக்கிறது. சூரியோதயத்தை வரவேற்பதற்காக அமைந்த அந்த வாசல்களைப் பார்த்துக்கொண்டே சென்றால் வின்டோ ராக் என்ற தலைநகரம் வந்துவிடுகிறது.

நவஹோ மக்கள் தங்களைத் தினே என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய நாடு அரிஸோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா ஆகிய மூன்று ராஜ்யங்களில் ஏறக்குறைய 27,000 சதுர மைல் பரந்து கிடக்கிறது. இலங்கைத் தீவைக் காட்டிலும் சற்றுப் பெரியது. ஆனால் அவர்கள் மனத்தில் உள்ள எல்லை சர்வேக்காரர்கள் போட்ட கோடு அன்று; கிழக்கே பிளாங்கா சிகரம், தெற்கே டெய்லர் மலை, மேற்கே ஸான் பிரான்ஸிஸ்கோ சிகரங்கள், வடக்கே ஹெஸ்பெரஸ் மலை என்ற நான்கு புனித மலைகளுக்கு இடைப்பட்ட பூமியே தங்கள் பூமி என்றும், அதற்குள் வாழ்வது என்பது ஒரு ஒழுங்குக்குள் வாழ்வது என்றும் அவர்கள் நம்புகிறார்கள். அந்த ஒழுங்கை ஹோஜோ என்கிறார்கள். அழகு, ஆரோக்கியம், அமைதி, உலகத்தோடு இசைந்து நிற்கும் நிலை ஆகிய எல்லாம் அதில் அடக்கம். ஹிம்சை என்பது அந்த இசைவு குலைந்ததன் அடையாளம்; ஆகையால் அதைக் கண்டவுடன் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, யாரைத் தண்டிப்பது என்பதன்று, குலைந்ததை எப்படிச் சீர்ப்படுத்துவது என்பதே.

இதைப் புத்தகங்களில் படித்திருந்தேன். நவஹோ நாட்டின் பிரதம நீதிபதியாக 1992 முதல் 2003 வரை இருந்த ராபர்ட் யாஸி, 1994-ஆம் ஆண்டில் நியூ மெக்ஸிகோ சட்ட சஞ்சிகை ஒன்றில் தம் மக்களின் நியாய தத்துவத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை என்னை வெகு நாள் விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. கருணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலகத்தில் ஏராளம்; கருணையை நியாயஸ்தலத்தின் நடைமுறையாக வகுத்து, அதற்கு அதிகாரிகளையும் விதிகளையும் நியமித்து, தினசரி வாழ்க்கையில் நடத்திக் காட்டுகிற ஜனங்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான் என்னை அந்தப் பிரதேசத்துக்கு இழுத்தது.

வின்டோ ராக்கில், செம்பாறையின் நடுவே இயற்கையாகக் குடைந்த பெரிய வட்டத் துவாரத்தின் வழியாக ஆகாயம் தெரிகிறது. அதனாலேயே ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. அதன் அடிவாரத்தில், யுத்தங்களில் பணிபுரிந்த நவஹோ வீரர்களுக்காக ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-இல், அமெரிக்கக் கடற்படைப் பிரிவு ஒன்று இருபத்தொன்பது நவஹோ இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய தாய்மொழியிலேயே இரகசியச் சங்கேதம் ஒன்றை அமைக்கச் செய்தது. பின்னர் அந்தப் பணியில் ஏறக்குறைய நானூறு பேர் சேர்ந்தார்கள். பசிபிக் தீவுகளில் எதிரிகளால் அந்தச் சங்கேதத்தை உடைக்க முடியவில்லை. பள்ளிக்கூடங்களில் எந்த மொழியைப் பேசினதற்காகப் பிள்ளைகளின் வாயில் சோப்பைத் தேய்த்தார்களோ, அதே மொழியால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அந்த அரசாங்கத்தைக் காப்பாற்றினார்கள். 1968 வரையில் இதை வெளியே சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

வெற்றிக் கதை இவ்வளவுதான். இதை உலகம் அறியும். வீடு திரும்பிய அந்த வீரர்களைத் தினே சமூகம் எப்படி வரவேற்றது என்பதே எனக்கு அதிக முக்கியமாகத் தோன்றிற்று. மாலை மரியாதைகளோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எதிரியின் மரணத்தோடு சம்பந்தப்பட்டவன், அவன் எவ்வளவு நியாயமான யுத்தத்தில் போர் புரிந்திருந்தாலும், ஒருவகை நோய்க்கு ஆளாகிறான் என்பது அவர்கள் கொள்கை. தூக்கமின்மை, காரணமற்ற கோபம், குடி, உற்றாரிடமிருந்து ஒதுங்கிப் போதல் ஆகிய எல்லாம் அந்த நோயின் குறிகள். அதைத் தீர்ப்பதற்குச் சத்துரு வழி என்று சொல்லத்தக்க ஒரு சடங்கு உண்டு. கோடைக் காலத்தில் மட்டும், மூன்று நாள்கள் அது நடைபெறும். மந்திரப் பாடல்களில் வல்ல ஹதாலி என்ற வைத்தியர் அதை நடத்துகிறார். நோயாளியின் உறவினரும், உறவினரின் உறவினரும் நூற்றுக்கணக்கில் கூடுகிறார்கள். ஆடுகள், மாவு, விறகு, பணம் என்று அவரவரால் இயன்றதைக் கொண்டுவந்து செலவைச் சுமக்கிறார்கள். நான் போனது உறைபனி விழத் தொடங்கிய பருவம். ஆகையால் அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதன் உள் விவரங்களை எழுதியிருக்க மாட்டேன். அது வேடிக்கை பார்ப்பதற்கு உரியதன்று.

உலகத்து அரசாங்கங்கள் அனைத்தும் வாலிபர்களுக்குக் கொல்லக் கற்றுக்கொடுக்கின்றன. கற்றுக்கொண்டு போய்த் திரும்பி வந்தவனை மறுபடி மனிதர் நடுவே கொண்டுவந்து சேர்ப்பது தங்கள் கடமை என்று நினைக்கிற சமூகங்கள் எத்தனை? வியட்நாமிலிருந்தும் அதற்குப் பின் நேர்ந்த யுத்தங்களிலிருந்தும் வந்த நவஹோ வீரர்களுக்கும் இந்தச் சடங்கு நடந்துவந்திருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமான கதையைச் சின்லி என்ற ஊரில் என்னோடு வந்த வழிகாட்டி சொன்னார். சொல்வதற்கு முன் அவர் காலத்தை யோசித்தார். பாம்புகளும் கரடிகளும் உறங்கப் போன பிறகு, குளிர்காலத்தில்தான் அந்தக் கதைகளைச் சொல்லலாம் என்பது சம்பிரதாயம். முதல் உறைபனி விழுந்துவிட்டது என்பதை உறுதிசெய்துகொண்டே அவர் வாயைத் திறந்தார்.

ஆதியில் பூமியில் அரக்கர்கள் நிறைந்து ஜனங்களைத் தின்றுகொண்டிருந்தார்கள். பருவந்தோறும் மாறும் பெண் என்று தினே மக்கள் வணங்கும் அன்னைக்கும் சூரியனுக்கும் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், தந்தையைத் தேடிச் சென்று மின்னல் அம்புகளைப் பெற்றுவந்து, அந்த அரக்கர்களை ஒவ்வொருவராகக் கொன்றார்கள். டெய்லர் மலைக்கு அருகே முதல் அரக்கன் விழுந்தான். அவனுடைய இரத்தம் உறைந்த இடம் என்று, அங்கே மைல் கணக்கில் கறுத்துக் கிடக்கும் எரிமலைக் குழம்பைக் காட்டுகிறார்கள். இவ்வளவில் இது எல்லா நாட்டு வீரர் கதைகளையும் ஒத்ததே. இதற்குமேல் வருவதுதான் இந்தக் கதைக்கே உரியது. அரக்கர்களைக் கொன்ற அந்த இரட்டையர் தேகம் மெலிந்து, பலம் குன்றி, நோயில் விழுந்தார்கள். நல்லவர்களைக் காக்கச் செய்த கொலையே அவர்களை வாட்டிற்று. சடங்கு செய்து அவர்களை எழுப்பிய பிறகுதான் உலகத்தில் ஒழுங்கு திரும்பிற்று. அந்தச் சடங்கே பிற்காலத்துச் சடங்குக்கு மூலம்.

மற்றொரு விஷயமும் உண்டு. கொல்லப்படாமல் எஞ்சிய சில அரக்கர்களும் இருந்தார்கள். முதுமை, பசி, வறுமை, குளிர் ஆகியவர்கள் அவர்கள். வீரன் ஆயுதத்தோடு எதிரே போய் நின்றபோது ஒவ்வொருவரும் தம் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொன்னார்கள். நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் வளர்ந்து பொறுப்பை ஏற்க மாட்டார்கள் என்றாள் முதுமை. நான் இல்லாவிட்டால் உணவில் ருசியும் சமைப்பதில் ஆசையும் போய்விடும் என்றான் பசி. துணிகள் கிழிவதால்தானே புதிதாக நெய்கிறீர்கள் என்றான் வறுமை. வீரன் அவர்களுடைய பேச்சைக் கேட்டு, ஆயுதத்தைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிவிட்டான். எதிரி சொல்வதைக் கேட்கிற பொறுமை அவனுக்கு இருந்தது என்பதை வழிகாட்டி இரண்டு தரம் சொன்னார்.

இந்தக் கதையைக் கேட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். சின்லிக்குக் கிழக்கே கான்யன் த ஷே என்று பெயர் வழங்கும் பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1931-இல் அமெரிக்க அரசாங்கம் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்ததாயினும், நிலம் முழுவதும் நவஹோ மக்களுடையதே. இன்றும் சில குடும்பங்கள் கோடையில் கீழே இறங்கிச் சோளம் விதைத்து, ஆடு மேய்த்து வாழ்கின்றன. நவஹோ வழிகாட்டி இல்லாமல் அயலார் பள்ளத்தாக்கின் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது பொது விதி. தெற்கு விளிம்பின் கோடியில் நின்று பார்த்தால், தரையிலிருந்து ஏறக்குறைய 800 அடி உயரம் ஒற்றையாய் எழும் சிலந்திப் பாறை தெரிகிறது. இரட்டையருக்குத் தந்தையிடம் போகும் வழியையும் பாதுகாப்பையும் தந்த சிலந்திப் பாட்டி அங்கே வசிப்பதாக ஐதிகம். நெசவைத் தினே பெண்களுக்குக் கற்பித்தவளும் அவளே. அந்திவேளையில் அந்தச் செம்பாறைச் சுவர்கள் நிறம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு, அழகையும் அறத்தையும் இந்த ஜனங்கள் ஏன் பிரிக்கவில்லை என்பது விளங்கும்.

ஆனால் வடக்கு விளிம்பில் வேறொரு இடம் இருக்கிறது. 1805 ஜனவரியில், அந்தோனியோ நார்போனா என்ற ஸ்பானிய சேனாதிபதி படையோடு வந்தபோது, தினே ஜனங்கள் பாறைச் சுவரின் உயரத்தில் உள்ள ஒரு குடைவில் ஏறி ஒளிந்துகொண்டார்கள். சோல்ஜர்கள் மேல் விளிம்பிலிருந்து சுட்டார்கள். குண்டுகள் பாறையில் பட்டுத் தெறித்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. நார்போனா தம் அறிக்கையில் 115 பேரைக் கொன்றதாகவும் அவர்களில் தொண்ணூறு பேர் போர்வீரர் என்றும் எழுதினார். வேட்டைக்கு ஆண்கள் போயிருந்தபோது பெண்களும் கிழவர்களும் குழந்தைகளுமே அங்கே மாண்டார்கள் என்று தினே பரம்பரை சொல்கிறது. ஒரு பெண் சோல்ஜர் ஒருவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இருவருமாகக் கீழே விழுந்தார்கள் என்று சொல்லி, அந்த இடத்துக்கு இருவர் விழுந்த இடம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விளிம்பில் நின்ற வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் வெகு நேரம் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு அறுபது ஆண்டுகளுக்குள் இன்னும் பெரிய துன்பம் வந்தது. 1863-இலும் 1864-இலும் கிட் கார்சன் தலைமையில் வந்த அமெரிக்கப் படைகள் சோளக் கொல்லைகளை எரித்தன, ஆடுகளைக் கொன்றன, பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் பழ மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தன. பட்டினியால் சரணடைந்த ஜனங்களை, கடும் குளிரில், முந்நூறு மைலுக்கு மேல் நடக்க வைத்துக் கிழக்கே பேகோஸ் நதிக்கரையில் ஃபோர்ட் சம்னர் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நடக்க முடியாத கிழவர்களும் கர்ப்பிணிகளும் வழியில் சுடப்பட்டார்கள் என்று குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. அங்கே எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள், நீர் உப்பு, பயிரைப் பூச்சி தின்றது, நோயிலும் பசியிலும் இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

விடுதலை எப்படி வந்தது என்பதைப் பற்றி அவர்களிடையே வழங்கும் ஒரு சம்பவத்தை நான் மறக்க முடியாது. 1868-இல், தளகர்த்தர் ஷெர்மனோடு பேச்சு நடப்பதற்கு முன்பு, பார்போன்சிட்டோ என்ற தலைவர் ஜனங்களை ஒரு பெரிய வட்டமாக நிற்கச் செய்து, அகப்பட்ட ஒரு பெண் கயோட்டி நரியின் வாயில் வெண்சங்குத் துண்டு ஒன்றை வைத்துப் பிரார்த்தித்தார். பிறகு வட்டத்தை விலக்கி வழிவிட்டார்கள். நரி மேற்கு நோக்கி, அதாவது தங்கள் நாட்டின் திசையில், மெள்ள நடந்து போயிற்று. நாம் வீடு போவோம் என்றார் பார்போன்சிட்டோ. பிடிபட்டு, சூழப்பட்டு, உயிர் யார் கையிலோ இருந்த நிலையில், அவர்கள் பிடித்த பிராணியை விடுவித்து அதன் வழியாகத் தங்கள் விடுதலையைத் தேடினார்கள். ஜூன் முதல் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பத்து மைல் நீளம் இருந்ததாகச் சொல்லப்படும் ஊர்வலமாக அவர்கள் திரும்பினார்கள். டெய்லர் மலை கண்ணில் பட்டதும் கிழவர்கள் அழுதார்கள். அந்த உடன்படிக்கையின் முதல் ஷரத்து, இனி யுத்தம் கிடையாது என்பது. அதை நவஹோ மக்கள் மீறவில்லை.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. கருணையை உபதேசிக்கிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு அடி விழுந்ததில்லை, அதனால் பேசுகிறீர்கள் என்று சொல்வது சுலபம். இந்த ஜனங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது.

சின்லியில்தான் சமாதானப் பணி செய்துவந்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். அவர் என் பெயரையோ தொழிலையோ முதலில் கேட்கவில்லை. தாயின் குடும்பம் எது, தந்தையின் குடும்பம் எது, இருவருடைய தந்தையரும் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டார். தினே மக்கள் சந்திக்கும்போது இப்படித்தான் நான்கு குலங்களைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்கள். குலம் ஒன்றாய் இருந்தால் அந்நியரும் அக்காள், தம்பி, பாட்டி ஆகிவிடுகிறார்கள். உறவு முறையால் வந்த இந்தக் கடமைகள் அனைத்தையும் கே என்கிறார்கள். என் வம்சத்தைச் சொல்லி முடித்ததும், "சரி, உங்களுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், உட்காருங்கள்" என்றார்.

"திருடனையும் அடிப்பவனையும் எங்கள் பெரியவர்கள் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா, மகனே? உறவினரே இல்லாதவன்போல் நடக்கிறான் என்பார்கள். அதைவிடக் கடுமையான வார்த்தை எங்களிடம் இல்லை. அப்படி நடக்கிறவனை உறவினர் இல்லாத இடத்தில் கொண்டுபோய் அடைத்தால் அவனுக்கு எப்படிக் குணமாகும்?"

சிறைச்சாலையைப் பற்றி நான் படித்த வாதங்கள் பல. அவற்றில் எதுவும் இந்தக் கேள்வியைப்போல் என்னைத் தடுத்து நிறுத்தியதில்லை.

நவஹோ நாட்டில் அமெரிக்க அதிகாரிகள் 1892-இல் தங்கள் பாணியில் ஒரு நியாயஸ்தலத்தை ஏற்படுத்தினார்கள். 1959-இல் நவஹோ மக்கள் அதைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் நீதிபதி மேலே, மற்றவர்கள் கீழே, வக்கீல்கள் நடுவே என்ற அந்த அமைப்பு அவர்கள் மனத்துக்கு ஒட்டவில்லை. ஆகையால் 1982-இல், பழைய முறையைப் புதுப்பித்துச் சமாதான நியாயஸ்தலத்தை நீதிபதிகளே தோற்றுவித்தார்கள். யாஸி இந்த இரண்டையும் செங்குத்தான நீதி என்றும் சமதளமான நீதி என்றும் வேறுபடுத்துகிறார். ஒன்றில் அதிகாரம் மேலிருந்து இறங்குகிறது. ஒருவன் வெல்கிறான், ஒருவன் தோற்கிறான். மற்றொன்றில் எல்லாரும் ஒரே மட்டத்தில் வட்டமாய் அமர்ந்து பேசி, எல்லாரும் ஒப்பும் முடிவுக்கு வருகிறார்கள்.

மூதாட்டி விவரித்த முறை இது. வழக்குள்ளவர்களில் ஒருவர் கேட்கலாம், அல்லது நியாயஸ்தலமே அனுப்பலாம். ஊரார் தங்கள் பகுதியில் மதிப்பும் ஞானமும் உள்ளவரைச் சமாதானம் செய்விப்பவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் இருதரப்பாரையும் அறியாத அந்நியராய் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அநேகமாக இருதரப்புக்கும் அவர் உறவினரே. பிரார்த்தனையோடு கூட்டம் தொடங்குகிறது. அடிபட்டவர் பேசுகிறார், குறுக்கீடு கிடையாது. அடித்தவன் பேசுகிறான். பிறகு இருவருடைய உறவினரும் பேசுகிறார்கள்.

"இங்கேதான் உண்மை வெளிவரும்" என்றார் மூதாட்டி. "குடித்திருந்தேன், நினைவில்லை என்பான். அவள்தான் சண்டையைத் தொடங்கினாள் என்பான். வக்கீல் இருந்தால் அதையே வாதமாக்கிவிடுவார். இங்கே அவனுடைய சித்தி எழுந்து நிற்பாள். உன்னை நான் தூக்கி வளர்த்தேன், என் முகத்தைப் பார்த்துச் சொல் என்பாள். அதற்குமேல் அவனால் பொய் சொல்ல முடியாது."

எல்லாரும் பேசிய பின், சமாதானம் செய்விப்பவர் வெறும் மத்தியஸ்தராய் நின்றுவிடாமல், ஆதிக் கதைகளைச் சொல்லி இன்னது தவறு என்று அபிப்பிராயத்தையும் கூறி வழிகாட்டுகிறார். வாழ்க்கைக்கு இடையூறாக நிற்பது எதுவோ அதுவே அரக்கன். குடி ஓர் அரக்கன், பொறாமை ஓர் அரக்கன், வேலையின்மை ஓர் அரக்கன். கொல்ல வேண்டியது அவற்றை. கடைசியில் ஈடு பேசப்படுகிறது. நால்யே என்ற அந்த ஈடு பணமாய் இருக்கலாம், ஆடாகவோ நகையாகவோ இருக்கலாம், குளிர்காலத்துக்கு வேண்டிய விறகை வெட்டிப் போடுவதாயும் இருக்கலாம். நஷ்டத்தை எடைபோட்டு அதற்குச் சமமாகக் கொடுப்பது அதன் நோக்கமன்று. பாதிக்கப்பட்டவர் மனத்தில் கசப்பு எஞ்சாத அளவுக்குக் கொடுக்க வேண்டும். குற்றவாளியிடம் பொருள் இல்லையென்றால் உறவினர் கொடுக்கிறார்கள். கொடுத்த உறவினர் பிறகு அவனைக் கவனிக்காமல் விட மாட்டார்கள். ஒப்பந்தத்தை நியாயஸ்தலத்தில் பதிவுசெய்தால் அது தீர்ப்பின் பலத்தைப் பெறுகிறது.

இதை மென்மை என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டும். சிறைக்குப் போகிறவன் தான் அடித்தவளின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. பொய் சொல்லிவிட்டு, அல்லது ஒன்றும் சொல்லாமலே, காலத்தைக் கழித்துவிட்டு வரலாம். இங்கே அப்படித் தப்ப வழியில்லை.

ஆயினும் இந்த முறைக்கு அபாயமே இல்லை என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. கணவனிடம் அடிபட்ட பெண்ணை அவனுக்கு எதிரே உட்கார வைப்பதில், அதுவும் அவள் மனமொப்பாமல் உட்கார வைப்பதில், ஆபத்து உண்டு. டோன்னா கோக்கர் என்ற சட்ட அறிஞர் நவஹோ சமாதான முறையை இந்தக் கோணத்திலிருந்தே ஆராய்ந்து 1999-இல் விரிவாக எழுதினார். உறவினரின் உதவியை அந்தப் பெண்ணுக்குத் திரட்டித் தருவதில் இதற்கு உள்ள பலத்தையும், கட்டாயத்தால் நேரும் கெடுதலையும் அவர் ஒருங்கே காட்டினார். மூதாட்டியிடம் இதைக் கேட்டேன். "பயப்படுகிறவளை நாங்கள் அழைக்கக் கூடாது, முதலில் அவளைச் சுற்றி அவள் மனிதர்கள் நிற்க வேண்டும்" என்றார். நவஹோ நாட்டில் போலீஸும் சிறைகளும் இல்லாமலில்லை. கொலை முதலிய பெருங்குற்றங்களோ 1885-ஆம் வருஷச் சட்டப்படி அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் நியாயஸ்தலங்களுக்கே போகின்றன.

சின்லியிலிருந்து வடகிழக்கே, லூக்காச்சுக்காய் மலைகளைக் கடந்து ஷிப்ராக் போகும் பாதை அந்தப் பிரதேசத்திலேயே மிக அழகானது, மிகத் துக்கமானதும்கூட. அந்த மலைகளில்தான் யுரேனியம் தோண்டினார்கள். 1944 முதல் 1986 வரையில் நவஹோ பூமியிலிருந்து ஏறக்குறைய மூன்று கோடி டன் தாதுவை எடுத்துக்கொண்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே விட்டுச் சென்றார்கள். அபாயத்தைச் சொல்லாமலே சுரங்கத்தில் இறக்கப்பட்ட ஆண்கள் நுரையீரல் புற்றுநோயால் மாண்டார்கள். விதவைகள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய நஷ்ட ஈட்டுச் சட்டத்தில், தேசத்தின் சார்பாக மன்னிப்புக் கோரும் வாசகமும் சேர்க்கப்பட்டது. மன்னிப்பும் ஈடும் சேர்ந்து வர வேண்டும் என்பது தினே நியாயம். அந்த அளவுக்கு அச்சட்டம் நல்லது. கசப்பு எஞ்சாத அளவுக்குக் கொடுத்தார்களா என்று கேட்டால், கைவிடப்பட்ட சுரங்கங்கள் இன்னும் சுத்தம் செய்யப்படாமல் கிடக்கின்றன என்பதே பதில்.

மலையை இறங்கியதும், சமவெளியில் 1,500 அடிக்கு மேல் தனித்து எழும் ஷிப்ராக் பாறை கண்ணில் படுகிறது. ஜனங்களைத் தூக்கிச் சென்று தின்ற பறவை அரக்கர்கள் அதன் உச்சியில் கூடு கட்டியிருந்தார்களாம். வீரன் தாயையும் தந்தையையும் கொன்றான். கூட்டில் இருந்த இரண்டு குஞ்சுகளைக் கொல்லவில்லை. ஒன்றைக் கழுகாகவும் மற்றொன்றை ஆந்தையாகவும் மாற்றி, மனிதர்களுக்கு உபயோகமாக வாழுங்கள் என்று பறக்க விட்டான். கழுகின் இறகு இல்லாமல் இன்று தினே சடங்குகள் இல்லை. கொலைகாரர்களின் வம்சத்திலிருந்து வந்த இறகைக் கொண்டே அவர்கள் நோயாளியை ஆசீர்வதிக்கிறார்கள்.

இந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வழக்கு என் நினைவுக்கு வந்தது. 2001-இல், நவஹோ நாட்டில், இருபது வயது நவஹோ இளைஞன் ஒருவன் வேறொருவனோடு சேர்ந்து ஒரு மூதாட்டியையும் அவருடைய ஒன்பது வயதுப் பேத்தியையும் காருக்காகக் கொடூரமாகக் கொன்றான். அதைவிடப் பயங்கரமான குற்றத்தை நினைக்க முடியாது. கொல்லப்பட்டவர்களும் நவஹோ, கொன்றவனும் நவஹோ, கொலை நடந்ததும் நவஹோ மண். 1994-ஆம் வருஷத்து மரண தண்டனைச் சட்டம், தங்கள் பூமியில் நடக்கும் கொலைகளுக்கு அந்தத் தண்டனையை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையைப் பூர்வகுடி அரசாங்கங்களுக்கே விட்டிருந்தது. நவஹோ அரசாங்கம் அதை ஏற்கவில்லை. உயிரை எடுப்பது தங்கள் தர்மத்துக்கு விரோதமானது என்று, இந்தக் குற்றத்தின் கொடூரத்தை முழுதும் அறிந்த நிலையிலேயே, மத்திய அரசாங்கத்துக்கு எழுதினார்கள். மத்திய அரசாங்கமோ, கொலை என்ற பிரிவை விட்டு, காரைப் பறித்து மரணம் விளைவித்தல் என்ற வேறொரு பிரிவின்கீழ் அவனுக்கு மரண தண்டனை பெற்றது. அந்தப் பிரிவுக்கு நவஹோ சம்மதம் தேவைப்படவில்லை. தண்டனையைக் குறைக்கும்படி நவஹோ ஜனாதிபதியாய் இருந்த ஜோனதன் நெஸ் கேட்டுக்கொண்டும் பயனில்லை. 2020 ஆகஸ்டு 26-ஆம் தேதி இண்டியானாவில் அவன் உயிர் போக்கப்பட்டது.

கொல்லப்பட்டவர்களின் உறவினருள் அந்தத் தண்டனையை வேண்டினவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் ஒரு சமூகம், தன் குழந்தையே கொல்லப்பட்ட தருணத்தில், தன் கொள்கையை விடாமல் நின்றதே, அதை நான் இந்தக் காலத்தின் பெரிய சம்பவங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். அதை மீறி அவனுக்கு மரண ஊசியைச் செலுத்தியது தவறு என்பதே என் துணிபு.

அந்தப் பிரதேசத்துக்குப் போகக்கூடியவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ளூர் வழிகாட்டியையே அமர்த்திக்கொள்ளுங்கள். சடங்கு நடக்கும் இடத்தில் கேமராவை எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் போனால் கதைகள் கிடைக்கும். போக முடியாதவர்கள் பொருட்டு ஒரு வேண்டுகோள். ராபர்ட் யாஸியின் 1994-ஆம் வருஷக் கட்டுரையைச் சட்டம் படித்த தமிழர் ஒருவர் நல்ல தமிழில் கொண்டுவர வேண்டும்; நம் சட்டக் கல்லூரி மாணவர்களின் கையில் அது சேர வேண்டும். அந்தக் காரியத்தை யாரேனும் மேற்கொள்வார்களானால், என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.